குத்தகையா, ஏலமா, துண்டுக் காணியா: 2045-க்கு முன் ஒரு கணக்கு

2010 கடைசியில், இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், எங்கள் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) டிஷ் பூட்டியிருந்த இரண்டு மூன்று வீடுகளிலும் இரவுச் செய்தி என்றால் இந்தியாவின் கைப்பேசி அலைக்கற்றை விவகாரம்தான். இழப்பு 1,76,000 கோடி இந்திய ரூபாய்க்கு மேல் போகலாம் என்று அங்குள்ள தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை கொடுத்திருந்தார். கவ்வாத்து மலையிலிருந்து வந்த மாமா, கத்தியைத் தாழ்வாரத்தில் செருகிவிட்டு, 176-க்குப் பின்னால் எத்தனை பூஜ்யம் என்று விரல் விட்டு எண்ணினார். பத்து. அப்புறம் என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "அது சரி, நம்ம தோட்டம் என்னா விலை பெறும்?"

என்னிடம் அன்றைக்குப் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. தோட்டத்துக்கு விலை இல்லாமல் இல்லை, யாரும் விலை கேட்டுப் பார்த்ததில்லை. அரசாங்கத்திடமிருந்து தோட்டங்களை எடுத்த கம்பனிகளின் குத்தகை 2045-இல் முடிகிறது. அதற்குப் பிறகு மலையை யாருக்குக் கொடுப்பது? குத்தகையை நீட்டலாம் என்பது ஒரு பேச்சு. ஏலத்தில் விடலாம் என்பது இன்னொன்று. குடும்பத்துக்கு ஒரு துண்டு பிரித்துக் கொடு என்பது நம்மவர்கள் கேட்பது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

பத்து பூஜ்யம் எங்கிருந்து வந்தது

இந்தியக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். 2008-இல் அலைக்கற்றை உரிமங்களை 2001-ஆம் ஆண்டு விலைக்கு, முந்தி வந்தவருக்கு முதலில் என்ற கணக்கில் கொடுத்தார்கள். 2010-இல் 3ஜி அலைக்கற்றையை ஏலம் விட்டபோது பெருந்தொகை வந்தது. அந்த விலையைப் பழைய உரிமங்களின் மேல் வைத்துக் கழித்துப் பார்த்ததில் வந்ததுதான் அந்தப் பத்து பூஜ்யம். கணக்காய்வாளர் சொன்ன பல மதிப்பீடுகளில் ஆகப் பெரியது அது. 2012 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்துச் செய்தது. 2017 டிசம்பரில் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுவித்தது. நிலக்கரியிலும் ஏறக்குறைய இதே பாதைதான்: ஏலமில்லாமல் கொடுத்த 214 ஒதுக்கீடுகள் 2014-இல் ரத்தாயின.

யார் குற்றவாளி, யார் இல்லை என்பதை விடுங்கள். எங்கோ ஒரு ஏலம் நடந்ததால்தான் அளந்து பார்க்க ஒரு கோல் கிடைத்தது. கோல் கிடைத்ததால் எண் வந்தது. எண் வந்த பிறகுதான் பத்திரிகைக்காரனுக்குத் தலைப்பு வந்தது. நம் மலையில் அந்த முதல் படியே இல்லை.

கம்பனிக் குத்தகை

1972-இலும் 1975-இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்ற இரண்டு அரச நிறுவனங்கள் நடத்தின. 1992-இல் அவற்றில் பெரும்பாலானவற்றை 22 கம்பனிகளாகப் பிரித்தார்கள். குத்தகை 53 வருஷம். ஆரம்பத்தில் குத்தகைப் பணம் எவ்வளவு தெரியுமா? தோட்டமொன்றுக்கு வருஷத்துக்கு 500 ரூபாய். ஏக்கருக்கு இல்லை, தோட்டத்துக்கு. மலை, ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை), பங்களா, லயம், ஆறு, மரம் எல்லாம் சேர்த்து.

1996-இலிருந்து அதைக் கணிசமாக உயர்த்தினார்கள். அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. நட்டத்தில் ஓடிய தோட்டங்களை யார் தலையிலாவது கட்டினால் போதும் என்றிருந்த காலம் அது என்பதும் சரிதான். 1995-க்குப் பிறகு 51 சதவீதப் பங்குகளை விற்றபோது ஒரு விலை வந்தது. ஆனால் அது கம்பனிக்கு வந்த விலை, மண்ணுக்கு வந்த வாடகை இல்லை. தொழிலாளருக்கும் 10 சதவீதப் பங்கு இனாமாகக் கிடைத்தது. எங்கள் பாட்டிக்கு வந்த பங்குத் தாள் ஒரு தீபாவளிச் செலவுக்குக் கைமாறிப் போனதாகக் கேள்வி.

குத்தகையை நீட்டச் சொல்பவர்களிடம் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. பழைய செடியைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று நட்டால், அது காசு பார்க்கப் பல வருஷம் ஆகும். இருபது வருஷத்தில் கையை விட்டுப் போகிற மலையில் எந்தக் கம்பனி பணத்தைப் புதைக்கும்? ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தவர் கூரை மாற்றுவாரா என்று யோசித்தால் போதும். கொழுந்துக்குப் பக்கத்தில் புல்லு நிற்கிற மலைகளுக்கு இது ஒரு காரணம்.

ஆனால் பூட்டிய அறைக்குள் பேசி நீட்டினால் 1992-இல் நடந்ததுதான் திரும்பவும் நடக்கும். நம் நாள் சம்பளம் எவ்வளவு என்று நாடு முழுக்கத் தெரியும்: 2021-இல் 1,000 ரூபாய். 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் 1,700 என்றார்கள், கம்பனிகள் நீதிமன்றம் போயின, செப்டெம்பரில் 1,350-இல் வந்து நின்றது. ஒவ்வொரு படியும் முதல் பக்கச் செய்தி. குத்தகை எவ்வளவு என்று தோட்டத்துக்குள்ளேயே யாருக்கும் தெரியாது.

ஏலம்

ஏலம் நமக்குப் புதிதில்லை. 1883-இலிருந்து நம் தேயிலை கொழும்பில் ஏலத்துக்குத்தான் போகிறது. எந்தத் தோட்டத்து மார்க் என்ன விலைக்குப் போனது என்று தோட்டத்துரைக்கு அந்த வாரமே தெரிந்துவிடும். தூளுக்கு இத்தனை வருஷமாக விலை கூவுகிறோம், தூள் விளைகிற மலைக்கு ஒருமுறையும் கூவவில்லை. அந்த வகையில் ஏலத்தின் பக்கம் எனக்கு ஒரு சாய்வு உண்டு. குறைந்தபட்சம் மாமாவின் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

சரி, ஏலம் என்றால் சுத்தம் என்று அர்த்தமா? 2015 பெப்ரவரி 27-ஐ நினைத்துப் பாருங்கள். நம் மத்திய வங்கி 100 கோடி ரூபாய்ப் பிணைமுறிக்கு (அரசாங்கக் கடன் பத்திரத்துக்கு) ஏலம் அழைத்துவிட்டு 1,000 கோடிக்கு மேல் எடுத்தது. ஏலம்தான், ஆனாலும் நாடே நாறியது. ஜனாதிபதி ஆணைக்குழு உட்கார்ந்தது, 2017-இல் ஒரு அமைச்சர் பதவி விலகினார். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஏலத்தில் நடந்த குளறுபடி என்பதால்தான் அழைத்தது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்று எல்லோராலும் கழித்துப் பார்க்க முடிந்தது.

எனக்குள்ள பயம் வேறு. ஏலத்தில் ஜெயித்தவருக்குத் தேயிலைதான் வேண்டுமென்று கட்டாயமில்லை. கிராண்டிஸ் மரம் வெட்டி விற்கலாம், அருவி தெரிகிற மேட்டில் ஹோட்டல் கட்டலாம். மலையோடு சேர்த்து லயத்தையும் ஏலம் விட்டால், அதற்குள் குடியிருக்கிறவர்கள் தட்டுமுட்டுச் சாமான் மாதிரி பட்டியலில் ஏறுவார்கள். 1948-இல் ஒரு சட்டத்தால் குடியுரிமை இழந்த சனம் நாங்கள். பட்டியல் என்றாலே எங்களுக்கு வயிறு கலங்கும்.

துண்டுக் காணி

இதில் இரண்டு சரக்கு ஒரே லேபலில் விற்கப்படுகிறது. ஒன்று வெளியார் உற்பத்தி முறை: மலை கம்பனியுடையது, செடியைப் பார்த்துக்கொள்வது குடும்பம், கொழுந்தைக் கம்பனியே வாங்கும். மற்றது உறுதியோடு (காணிப் பத்திரத்தோடு) சொந்தக் காணி. மேடையில் பேசுகிறவர்கள் இரண்டையும் கலந்துதான் பேசுகிறார்கள்.

என் மச்சானுக்கு ஒரு தோட்டத்தில் ஆயிரத்துச் சொச்சம் செடி பிரித்துக் கொடுத்தார்கள். முதல் மூன்று மாதம் ஆளைப் பிடிக்க முடியவில்லை. காலைப் பிரட்டுக்குப் (ஆள் கணக்கெடுப்புக்கு) போக வேண்டியதில்லை, கங்காணி சத்தம் இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் புருஷனும் பொஞ்சாதியுமாக மலையில் நின்றார்கள். நான்காம் மாதம் பில்லைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். உரத்துக்குக் கழிவு, மருந்துக்குக் கழிவு, கொழுந்து ஏற்றிய லொறிக்குக் கழிவு. மேலே கொழுந்தின் நிறை, அதில் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று தினமும் இரண்டு கிலோ குறைத்த பிறகு வந்த தொகை. ஈரமில்லாத வெயில் நாளிலும் அதே இரண்டு கிலோ. அம்மா நாள் பேருக்கு (நாள் கூலிக்கு) வேலை செய்த காலத்தில் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வெட்டிய அதே இரண்டு கிலோதான். முறை மாறியது, தராசு மாறவில்லை. போதாததற்கு, அந்த நாட்களுக்கு ஊழியர் சேமலாப நிதியும் (ஓய்வுக்காலச் சேமிப்பும்) விழவில்லை. ஒப்பந்தத்தைக் காட்டு என்றேன். "கையெழுத்து வாங்கினாங்க, பிரதி தரல" என்றான்.

சின்னத் துண்டில் தேயிலை வராது என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. இலங்கைத் தேயிலையில் 70 சதவீதத்துக்கு மேல் சிறு தோட்டக்காரர்களின் கொழுந்திலிருந்துதான் வருகிறது. காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கம் போய்ப் பாருங்கள். அவர்களுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது: தூள் விற்ற சராசரி விலையில் நூற்றுக்கு 68 பங்கு கொழுந்து கொடுத்தவருக்கு, 32 பங்கு ஸ்டோருக்கு. மச்சானின் பில்லில் 68-உம் இல்லை, 32-உம் இல்லை, எழுதியவர் மனசில் தோன்றியது இருந்தது. துண்டு பிரிக்கிறதானால் அந்தச் சூத்திரத்தை மலைக்கும் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் நட்டம் மட்டும்தான் நமக்குப் பங்காக வரும்.

சொந்தக் காணி என்றால் கதை வேறு. வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் (ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ்), பிறகு 10 பேர்ச்சஸ் என்று வந்திருக்கிறது. குடியிருக்க அது போதும், பயிர் செய்யப் போதாது. 2025 நவம்பரில் டித்வா புயலில் மண்சரிந்த பிறகு, பாதுகாப்பான இடத்தில் அந்தப் பத்துக்குக்கூடக் கம்பனியின் சம்மதம் வேண்டியிருக்கிறது. உறுதி கைக்கு வந்த மறுவாரமே வட்டிக்காரர் வாசலுக்கு வருவார் என்ற பயம் எனக்கும் உண்டு. பத்துப் பதினைந்து வருஷம் விற்க முடியாதபடி எழுதிக் கொடுத்தால் அது ஓரளவு அடங்கும்.

அரசாங்கமே திரும்ப நடத்தட்டும் என்று நான்காவதாக ஒரு குரல் உண்டு. கண்டி, மாத்தளைப் பக்கம் இன்னும் அரச நிர்வாகத்தில் இருக்கிற தோட்டங்களில் சேமலாப நிதி பாக்கிக்காக அலைந்தவர்களிடம் கேட்டுவிட்டு வாருங்கள். அரசாங்கம் காணியை யாருக்குப் பிரிக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 1977-இல் நுவரெலியாப் பக்கம் 7,000 ஏக்கரைப் பிரிக்கப் போனபோது நம்மவர்களுக்கு அதில் பங்கில்லை. எதிர்த்து நின்ற டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணனுக்குத் துப்பாக்கிச் சூடுதான் கிடைத்தது.

பத்திரிகையில் எது வரும்

2021-இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடை செய்தார்கள். அந்த வருஷம் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை, அடுத்த வருஷம் சுமார் 25 கோடிக்கு விழுந்தது. யாரும் திருடவில்லை, ஆனாலும் செய்தியானது, இரண்டு எண்களைப் பக்கத்தில் வைக்க முடிந்ததால். பிணைமுறியும் அப்படித்தான். 500 ரூபாய்க் குத்தகையை ஒருவரும் மறைக்கவில்லை, கம்பனி ஆண்டறிக்கைகளின் பின்பக்கக் குறிப்புகளில் கிடந்தது. பக்கத்தில் வைக்க இன்னொரு எண் இல்லாததால் அது "கொள்கை" என்று போய்விட்டது. மச்சானின் இரண்டு கிலோவுக்கு அந்தப் பின்பக்கக் குறிப்புகூட இல்லை. கொழும்புப் பத்திரிகைகளை மட்டும் குறை சொல்லவில்லை. நம் தமிழ்ப் பத்திரிகைகளும் எந்தத் தலைவர் எந்தத் தலைவரைத் திட்டினார் என்பதற்குக் கொடுக்கிற இடத்தில் பாதியைத் தராசுக்குக் கொடுக்கலாம்.

என்னைக் கேட்டால், குடியிருக்கிற காணியும் வீட்டைச் சுற்றிப் பயிர் செய்கிற காணியும் ஏலத்துக்கும் வரக் கூடாது, குத்தகைக்கும் வரக் கூடாது. முதலில் அதை அளந்து, உறுதியோடு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். மிச்ச மலையை, தேயிலைதான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, திறந்த ஏலத்தில் விடலாம். இப்போதிருக்கிற கம்பனியும் வந்து கேட்கட்டும், கூடுதலாகக் கேட்டால் எடுக்கட்டும். பூட்டிய அறைக்குள் நீட்டுவதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன்.

2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாம். எங்கள் தோட்டத்துக்காக ஒன்று எழுதி வைத்திருக்கிறேன்: மொத்தம் எத்தனை ஹெக்டேயர், அதில் தேயிலை எவ்வளவு, இந்த வருஷக் குத்தகை எவ்வளவு, யார் கணக்கில் போய் விழுகிறது. நாலே கேள்வி. மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். "அதோட அந்த ரெண்டு கிலோவையும் கேட்டுரு" என்றார். அது ஐந்தாவது.