ஒரிஜினல் பெட்டி, பேப்பரோடு பழைய ஒமேகா: 68 ஆயிரம் பறிபோனது, வாங்கும் முன் படியுங்கள்

பழைய கைக்கடிகாரம் வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணத்தை அனுப்புங்கள். என் 68 ஆயிரம் ரூபாய் போய்விட்டது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுத்து முன்னே பின்னே இருக்கலாம்.

விளம்பரத்தில் போட்டிருந்தது இதுதான்: ஒமேகா சீமாஸ்டர், ஸ்டீல், சாவி கொடுக்கிற வாட்ச், 1964-ஆம் வருடத்தது, சிவப்புப் பெட்டியும் கேரண்டி புத்தகமும் உண்டு. பழைய பொருட்களைத் தனிநபர்கள் விற்கவும் வாங்கவும் இருக்கும் ஒரு பெரிய ஆன்லைன் தளம் அது. புகார் கொடுத்திருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. விற்பவரின் பெயருக்குப் பக்கத்தில் ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்று ஒரு டிக் இருக்கும். பணத்தைத் தளமே பிடித்து வைத்திருந்து, பொருள் நம் கைக்கு வந்த பிறகுதான் விற்றவருக்குக் கொடுப்போம் என்பார்கள். அந்தப் பாதுகாப்புக்குத் தனிக் கட்டணம் வேறு. அந்தக் கட்டணமும் சேர்ந்ததுதான் 68 ஆயிரம்.

அப்பாவுக்கு எழுபது வயது நிறைகிறது. வேலை பார்த்த காலம் முழுக்க எச்.எம்.டி. வாட்ச்தான் கட்டினார். பெங்களூரில் 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து எச்.எம்.டி. வாட்ச் செய்ய ஆரம்பித்த பிறகு, நம் பக்கத்தில் நடுத்தரக் குடும்பத்து மணிக்கட்டுகளில் அதுதானே இருந்தது. ஆனால் சிங்கப்பூரிலிருந்து வந்துபோன பெரியப்பா கையில் இருந்த ஒமேகாவை அவர் மறக்கவே இல்லை. பீமரத சாந்திக்கு அதே மாதிரி ஒன்றை அவர் கையில் கட்டிவிட வேண்டும் என்று நானும் தங்கையும் பணம் சேர்த்தோம்.

பெட்டி, பேப்பர் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் மோசடி நடப்பதே அங்கேதான். அறுபது வருடத்துக்கு முன்னால் வாட்ச் வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் பெட்டியைத் தூக்கிப் போட்டிருப்பார்கள், கேரண்டி தாள் எங்கேயோ போயிருக்கும். அதனால் அவை இரண்டும் கூடவே இருந்தால் விலை நன்றாக ஏறும். அது வெறும் அழகுக்காக இல்லை. ஒமேகாவின் பழைய மெஷின்களில் ஏழெட்டு இலக்கத்தில் ஒரு எண் பொறித்திருக்கும். கேரண்டி தாளிலும் அதே எண்ணை எழுதியிருப்பார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அந்தத் தாள் அந்த வாட்ச்சுக்கு உரியது. எண் எந்த வரிசையில் இருக்கிறது என்பதை வைத்து ஏறக்குறைய எந்த வருடம் செய்த மெஷின் என்றும் சொல்லிவிடலாம்: 14 மில்லியன் வரிசை என்றால் 1950-களின் நடுப்பகுதி, 21 மில்லியன் வரிசை என்றால் 1964 பக்கம்.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். அதனால்தான் எண் தெரிகிற மாதிரி இரண்டு படம் கேட்டேன்.

கேட்ட உடனே போன் வந்தது. பேச்சில் கோயம்புத்தூர்க்காரர் மாதிரி இருந்தது, வாங்க போங்க என்று அவ்வளவு மரியாதை. “அண்ணா, தாராளமா கேளுங்க. விவரம் தெரிஞ்சவங்க கைக்குப் போனாத்தான் எனக்கும் நிம்மதி” என்றார். தாத்தா சிங்கப்பூரில் இருந்தபோது வாங்கிய வாட்ச் என்றார். எங்கள் பெரியப்பா கதையை நான் அவரிடம் சொல்லவே இல்லை, அவராகவே சொன்னார். தாத்தா போன பிறகு அப்பா வைத்திருந்தார், இப்போது அம்மாவின் ஆபரேஷனுக்காகத்தான் விற்கிறேன் என்றார். வீடியோவில் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே துணி நைந்திருந்தது. கேரண்டி புத்தகத்தைப் பிரித்தார், பழுப்பேறிய தாள், ஊதா மையில் கடை முத்திரை, அதில் ‘சிங்கப்பூர்’ என்ற எழுத்து மட்டும் தெளிவாகத் தெரிந்தது. வாட்ச்சுக்குச் சாவி கொடுத்து போன் பக்கத்தில் வைத்தார். டிக் டிக் என்று கேட்டது. பக்கத்தில் இருந்த தங்கை என் தோளைத் தட்டி, “இதுதான்ணா, எடுத்துரு” என்றாள்.

எண்ணின் மேல் மட்டும் அவர் கட்டைவிரல் இருந்தது. எடுக்கச் சொன்னேன். “நம்பரை வெளியே காட்டினா அதை வெச்சு டூப்ளிகேட் போட்டுடறாங்கண்ணா, போன தடவை அப்படி ஆயிருச்சு. வாட்ச் உங்க கைக்கு வந்ததும் நீங்களே திறந்து பாத்துக்கோங்க, பணம் தளத்துகிட்டத்தானே இருக்கும்” என்றார். நேர்மையாக விற்பவர்களிலும் பலர் எண்ணை மறைத்துத்தான் படம் போடுகிறார்கள், இந்தச் சந்தையில் அது வழக்கம். அந்த வழக்கத்தையே இவர் கவசமாக்கிக்கொண்டார். தளம் பணத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதால்தான் நானும் பணம் கட்டினேன். அந்த நம்பிக்கைக்குத்தான் கட்டணம் வாங்கினார்கள், இதை எல்லாரும் கவனிக்க வேண்டும்.

பார்சல் சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. டெலிவரி ஆள் ஓ.டி.பி. கேட்டார், சொன்னோம். ஓ.டி.பி. சொன்ன நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் குறை சொல்லாவிட்டால் பணம் விற்றவருக்குப் போய்விடும் என்று தளத்தின் விதியில் இருக்கிறது. பணம் கட்டும் பக்கத்தில் அது இல்லை, எங்கேயோ உள்ளே நீண்ட விதிமுறையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதுரையில் எந்த வாட்ச் ரிப்பேர்க்காரர் கடை திறந்து பின்மூடியைக் கழற்றிக் கொடுப்பார்? திங்கட்கிழமை காலையில் நான் கடைக்குப் போகும்போது பணம் கைமாறிவிட்டது.

அதற்குள்ளேயே சந்தேகம் வந்துவிட்டது. முழுதாகச் சாவி கொடுத்து வைத்தேன். நல்ல நிலையில் இருக்கும் அந்தக் கால ஒமேகா ஒன்றரை நாளாவது ஓடும். இது ராத்திரி தாண்டவில்லை.

ரிப்பேர்க்காரர் பெரியவர், ஐம்பது வருடமாக அதே சந்தில் கடை வைத்திருப்பவர். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “தம்பி, இது ஒரு வாட்ச் இல்ல, மூணு வாட்ச்” என்றார்.

மெஷின் ஒமேகாதான், அந்தச் செம்பு நிறத்தைப் பார்த்தாலே தெரியும். ஆனால் எண் 14 மில்லியன் வரிசை. கேரண்டி தாளில் 21 மில்லியன் வரிசை. கிட்டத்தட்ட பத்து வருட இடைவெளி! திருகுகள் எல்லாம் கண்டபடி திருகித் தலை சிதைந்திருந்தன, சாவித் தண்டு பக்கத்தில் துரு. பின்மூடியின் உள்பக்கத்தில் ஒமேகா முத்திரையும் மாடல் எண்ணும் இருக்க வேண்டிய இடம் வெறும் ஸ்டீல். மூடியின் வெளிப்பக்கத்தில் சீமாஸ்டரின் அடையாளமாக இருக்கும் கடல்குதிரைப் படத்தை நகத்தால் தடவச் சொன்னார். அசலில் அது புடைத்து நிற்கும், இதில் மேலோட்டமாகக் கீறியிருந்தது. டயலைக் கழற்றிக் காட்டினார். மெஷினில் பொருந்துவதற்காகப் பின்னால் இருக்க வேண்டிய இரண்டு சின்னக் கால்களையும் வெட்டிவிட்டுப் பசை போட்டு மெஷின் மேல் ஒட்டியிருக்கிறார்கள். வேறு மெஷினுக்கான டயல், புதிதாகப் பெயின்ட் அடித்து எழுத்து அச்சடித்தது. லென்ஸ் வழியாகப் பார்த்தபோது ‘ஸ்விஸ் மேட்’ என்ற எழுத்து தடித்து, மை கசிந்திருந்தது. நிமிடக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேராக இல்லை.

இப்படிப் பெயின்ட் அடித்து ஒட்டுப்போட்ட வாட்ச்சுகளுக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ‘மும்பை வாட்ச்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஃபேவர்-லூபாவிலும் எச்.எம்.டி.யிலும் இது ஏராளம். சில ஆயிரத்துக்கு, பெயின்ட் அடித்தது என்று சொல்லி விற்றால் யாருக்கும் புகார் இல்லை. இதை ஒரிஜினல் என்று சொல்லி, கூடவே பெட்டியும் தாளும் வைத்து 68 ஆயிரத்துக்கு விற்பது பச்சைத் திருட்டு.

எனக்கு அதிகம் வலிப்பது அந்தத் தாள். அது அசல் தாள்தான் என்கிறார் பெரியவர். அப்படியானால் எங்கேயோ ஒரு நிஜமான வாட்ச் இருக்கிறது, அதன் தாளைப் பிய்த்து இதோடு சேர்த்திருக்கிறார்கள். காலிப் பெட்டியும் பழைய கேரண்டி புத்தகமும் ஆன்லைனில் தனித்தனியாகவே விற்பனைக்கு வருகின்றன, நீங்களே தேடிப் பாருங்கள்.

விற்றவருக்குப் போன் போட்டேன். முதலில், “அப்படியாண்ணா, எனக்கே தெரியாதே, தாத்தா காலத்துல யாராச்சும் ரிப்பேர்ல மாத்தியிருப்பாங்க” என்றார். பின்மூடியில் முத்திரையே இல்லையே என்றதும், “சார், நீங்க ஓகே சொல்லித்தானே பணம் வந்துச்சு” என்றார். அண்ணா, சார் ஆகிவிட்டது. அடுத்த முறை போன் போகவே இல்லை. வாட்ஸ்அப்பில் படமும் மறைந்துவிட்டது.

தளத்தின் வாடிக்கையாளர் சேவையில் முதலில் பேசுவது மனிதரே இல்லை, தானியங்கிப் பதில். அதைத் தாண்டி ஒரு பெண் வந்தார். “உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், உரிய குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம்” என்றார். குழுவிடமிருந்து ஒரே வரியில் மின்னஞ்சல்: விளம்பரத்தில் சொன்ன வாட்ச், பெட்டி, தாள் மூன்றும் வந்து சேர்ந்திருப்பதால் புகார் முடிக்கப்பட்டது. மூன்றும் வந்தது உண்மை, மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவை என்பதுதானே புகார்! எண்களைப் படம் எடுத்து, பெரியவரிடம் கையெழுத்து வாங்கி மறுபடி அனுப்பினேன். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் கடிதம் வேண்டும் என்றார்கள். அதற்கும் ஏற்பாடு செய்கிறேன் என்றதும், 24 மணி நேரம் தாண்டிவிட்டதால் கடிதம் வந்தாலும் பயனில்லை என்றார்கள். பிறகு எதற்குக் கடிதம் கேட்டீர்கள்? சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர் என்றால் எதைச் சரிபார்த்தீர்கள் என்று கேட்டேன். மொபைல் எண்ணை மட்டும் என்று பதில் வந்தது. 68 ஆயிரம் ரூபாய்க்கு அவர்கள் தந்த உத்தரவாதம் ஒரு மொபைல் எண்.

சொந்தக்காரர் ஒருவர், பழைய சாமான் வாங்கினால் இப்படித்தான், விவரம் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார். அவருக்கு ஒன்று சொல்கிறேன். 2021 நவம்பரில் ஜெனீவாவில் 1957-ஆம் வருடத்து ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் ஸ்விஸ் ஃப்ராங்குக்கு மேல் ஏலம் போனது. அதை வாங்கியது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகம். 2023-இல் அது பல வாட்ச்சுகளின் பாகங்களைச் சேர்த்துச் செய்தது என்று ஒமேகாவே அறிவித்தது, தங்களிடம் முன்பு வேலை பார்த்தவர்களுக்கு அதில் தொடர்பு இருக்கிறது என்றும் சொன்னது. அந்த வாட்ச்சைச் செய்த கம்பெனிக்கே இந்த நிலை. ஏமாந்தவனைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டு ஏமாற்றியவனைக் கேளுங்கள்.

1930-க்குப் போன் செய்து சைபர் கிரைமில் புகார் பதிவு செய்திருக்கிறேன். பண மோசடி என்றால் எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது, பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்கு முன் முடக்க வாய்ப்பு இருக்கிறது. 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்தாயிற்று. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அவர் பெயரே தளத்தில் தேடித்தான் கிடைத்தது. பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையம்தான். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே மனு கொடுக்கலாம்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவை போதும். மெஷின் எண், தாளில் உள்ள எண், பின்மூடியின் உள்பக்கம், மூன்றும் தெளிவாகத் தெரியும் படம் வராமல் ஒரு ரூபாய் கூட அனுப்பாதீர்கள். விரலால் மறைத்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். ஓ.டி.பி. சொல்லும் முன் குறை சொல்ல எவ்வளவு நேரம் தருகிறார்கள் என்று பாருங்கள், சனிக்கிழமை பார்சல் வந்தால் வாங்காமல் திங்கட்கிழமை கொண்டுவரச் சொல்லுங்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். முடிந்தால் நேரில் போய், ஒரு ரிப்பேர்க்காரர் கடையில் உட்கார்ந்து, மூடியைத் திறந்து பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

சிங்கப்பூர் தாத்தா, அம்மாவின் ஆபரேஷன், சிவப்புப் பெட்டி என்று இதே கதையோடு உங்களுக்கும் யாராவது வாட்ச் விற்றிருந்தால் எனக்கு எழுதுங்கள். என் புகார் எண்ணைத் தருகிறேன், உங்கள் புகாரில் அதையும் குறிப்பிடுங்கள். ஒரே ஆள் மேல் பல புகார் சேர்ந்தால்தான் போலீஸ் அசையும்.