குவிஸா, ஃபோரமா, ஒர்க்‌ஷாப்பா? ஒரே பாடம், மூன்று வழிகள்

கல்லூரிகள் இணையவழிப் பாடம் நடத்தப் பயன்படுத்தும் தளமான மூடிலில் "செயல்பாடு சேர்" என்பதை அழுத்தினால் ஒரு டஜனுக்கு மேல் பெட்டிகள் வந்து நிற்கும். நம் கல்லூரிகளில் அதிகம் திறக்கப்படுவது அசைன்மென்ட். அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. கையால் எழுதியதைப் படமெடுத்து பிடிஎஃப் ஆக்கிப் போடும் தபால்பெட்டி அது, அவ்வளவுதான். இணையத்தில் மட்டுமே சாத்தியமான ஏதோ ஒன்றை மாணவரைச் செய்ய வைப்பவை என்று பார்த்தால் போட்டி மூன்றுக்குள் அடங்கிவிடும்: குவிஸ், ஃபோரம், ஒர்க்‌ஷாப். கடைசியில் சொன்னது பலருக்குப் பழக்கமிருக்காது. மாணவர் எழுதியதைச் சக மாணவர்களே படித்து மதிப்பெண் போடும் ஏற்பாடு அது.

பொதுவாகப் பேசினால் மூன்றுமே நல்லதாகத்தான் தெரியும். அதனால் ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம்: முதலாண்டுப் புள்ளியியலில் வரும் கூட்டுச் சராசரியும் இடைநிலை அளவும் (வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் எண்).

ஒரு துறையில் 20 பேருக்கு வேலை கிடைக்கிறது. 19 பேருக்கு ஆண்டுக்கு 3.6 லட்சம், ஒருவருக்கு மட்டும் 42 லட்சம். எல்லாவற்றையும் கூட்டினால் 110.4 லட்சம், 20 ஆல் வகுத்தால் 5.52 லட்சம். அட்மிஷன் சமயத்தில் "சராசரி பேக்கேஜ் ஐந்தரை லட்சம்" என்று பேனர் வைக்கிறார்கள். பொய் இல்லை. ஆனால் அந்தச் சம்பளம் அங்கே ஒருவருக்கும் கிடையாது. இடைநிலை அளவு 3.6 லட்சம்தான். மாணவருக்கு இது புரிய வேண்டும். புரிந்ததா என்று நமக்கும் தெரிய வேண்டும். இந்த இரண்டாவது வேலையை எது ஒழுங்காகச் செய்கிறது என்பதை வைத்துத்தான் நான் மூன்றையும் எடை போடுகிறேன்.

குவிஸ்

"சராசரி காண்க" என்று கேட்டால் கால்குலேட்டரைத்தான் சோதிக்கிறோம். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 20 பேரின் சராசரிச் சம்பளம் 5.52 லட்சம் என்றால் எது நிச்சயம்? பாதிப் பேருக்காவது அதற்கு மேல் கிடைக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அதே தொகைதான் கிடைக்கிறது. எல்லாருடைய சம்பளத்தையும் கூட்டினால் 110.4 லட்சம் வரும். சரியான விடை மூன்றாவது. ஆனால் ஆசிரியருக்கு உபயோகமானவை தவறான இரண்டும்தான். முதலாவதைத் தொட்டவர் சராசரியை இடைநிலை அளவோடு குழப்பிக்கொண்டிருக்கிறார், இரண்டாவதைத் தொட்டவர் முகடோடு, அதாவது அதிகம் பேருக்கு வரும் எண்ணோடு. ஒவ்வொரு தவறான விடைக்கும் தனித்தனியாக விளக்கம் எழுதி வைக்க மூடிலில் இடமிருக்கிறது. அதை நிரப்பாமல் விட்டால் குவிஸில் பாதி வீண்.

வாட்ஸப் குழுவில் விடை பறக்கும் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. கணக்குக் கேள்விகளுக்கு அதற்கு வழி இருக்கிறது: ஒவ்வொருவருக்கும் வேறு வேறு எண்களோடு அதே கேள்வியை வரவைக்கலாம். இன்னொரு வசதியும் பல காலமாக உள்ளே இருக்கிறது, நான் பார்த்தவரை யாரும் தொடுவதில்லை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் டோனி கார்ட்னர்-மெட்வின் வளர்த்தெடுத்த முறை அது. விடையோடு "எவ்வளவு உறுதி?" என்றும் கேட்கும். உறுதி குறைவு என்றால் சரிக்கு 1, தவறுக்கு 0. நடுத்தரம் என்றால் சரிக்கு 2, தவறுக்கு மைனஸ் 2. முழு உறுதி என்று சொன்னால் சரிக்கு 3, தவறுக்கு மைனஸ் 6. குருட்டாம்போக்கில் அடிப்பவர் இரண்டே குவிஸில் அடங்கிவிடுவார். அதைவிட முக்கியம், தவறாகப் புரிந்துகொண்டு அதில் உறுதியாக இருப்பவர் யார் என்பது தெரிந்துவிடும்.

குவிஸ் வெறும் தேர்வு, கற்றல் இல்லை என்று குறைத்துப் பேசுவது நம் வழக்கம். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006ல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முன்னால் நின்றார்கள். நினைவிலிருந்து எடுப்பதே பயிற்சி.

கேள்வி நன்றாக இருந்ததா என்று பார்க்கவும் குவிஸில்தான் கைமேல் கருவி இருக்கிறது. புள்ளிவிவர அறிக்கையில் ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை சதவீதம் பேர் சரியாகச் செய்தார்கள் என்பதும், மொத்தத்தில் நன்றாகச் செய்தவர்கள் அந்தக் கேள்வியிலும் நன்றாகச் செய்தார்களா என்பதும் வரும். நன்றாகப் படிப்பவர்கள் தவறவிட்டு மற்றவர்கள் சரியாகப் போட்டிருந்தால் மாணவர்களைத் திட்ட வேண்டாம். விடைக்குறிப்பைப் பாருங்கள், அல்லது கேள்வியின் வாக்கியத்தைப் பாருங்கள்.

ஒரு விஷயம் மட்டும் குவிஸின் கண்ணுக்குப் படாது. பேனரைப் பார்த்தவுடன் மாணவருக்குத் தானாகச் சந்தேகம் வருமா? மூன்று விடைகளை நாமே எடுத்து நீட்டிவிட்டோம், பிறகு எப்படித் தெரியும்?

ஃபோரம்

திறக்க இரண்டு நிமிடம் போதும். அதனால்தான் எல்லாரும் திறக்கிறார்கள். "சராசரியின் குறைபாடுகளை விவாதிக்க" என்று போட்டால் முதல் ஆள் பாடப்புத்தகத்தை எடுத்து ஒட்டுவார், அடுத்த 58 பேர் "அருமையான கருத்து, உடன்படுகிறேன்" என்பார்கள். 2022 நவம்பருக்குப் பிறகு, அதாவது சாட்ஜிபிடி வந்த பிறகு, உடன்படுவதுகூட நாலு வரி நேர்த்தியான ஆங்கிலத்தில் வருகிறது.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டும் இல்லை. கனடாவில் கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் மூவரும் இணைய விவாதத்தை நான்கு கட்டமாகப் பிரித்தார்கள்: கேள்வி எழுவது, ஆளுக்கொன்று சொல்வது, சொன்னவற்றை இணைத்துப் பார்ப்பது, முடிவுக்கு வருவது. 2001ல் அவர்கள் அலசிய பதிவுகளில் மிகப் பெரிய பங்கு இரண்டாம் கட்டத்தில்தான் கிடந்தது. நான்காவதை எட்டியது மிகச் சொற்பம். ஆசிரியர் முடிவை நோக்கித் தள்ளும்படியான கேள்வியைக் கேட்காவிட்டால் விவாதம் அங்கேயே தேங்கிவிடும்.

தேங்காமல் வைக்க முடியும். எட்டுப் பேர் குழு. ஒவ்வொருவரும் தன் ஊரில் கண்ட ஒரு கல்லூரி விளம்பரத்தைப் படமெடுத்துப் போட வேண்டும். "இந்தக் கல்லூரியிடம் ஒரே ஓர் எண்ணை மட்டும் கேட்கலாம் என்றால் எதைக் கேட்பீர்கள், ஏன்?" இதுதான் கேள்வி. மூடிலில் கேள்வி-பதில் வகை ஃபோரத்தைத் தேர்ந்தால், தான் எழுதும்வரை மற்றவர் எழுதியது தெரியாது. எழுதிய பிறகும் திருத்துவதற்கான அரை மணி நேரம் முடிந்தால்தான் திறக்கும். பார்த்து எழுதுவது பெருமளவு குறையும். அப்புறம், மொழியை விட்டுக் கொடுங்கள். ஆங்கிலத்தில் மூன்று வரியோடு நிறுத்திக்கொள்ளும் மாணவர் தமிழிலோ தங்கிலீஷிலோ எழுதலாம் என்றால் ஒரு பத்தி எழுதுவார், அதில் சண்டையும் போடுவார். இங்கே நமக்கு அந்தச் சண்டைதான் வேண்டும்.

ஆனால் இதை மதிப்பிடுவது? எத்தனை பதிவு என்று எண்ணினால் பதிவுதான் பெருகும். யாராவது இன்னொருவர் சொன்னதைக் கேட்டுத் தன் நிலையை மாற்றிக்கொண்டாரா என்று பார்க்க வேண்டும். அதற்கு எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தாக வேண்டும். எட்டுக் குழு, ஒரு ஆசிரியர், வாரம் 16 மணி நேர வகுப்பு. சரிப்பட்டு வராது.

ஒர்க்‌ஷாப்

வேலை இப்படி இருக்கட்டும்: "மகளை இந்தக் கல்லூரியில் சேர்க்கலாமா என்று மாமா கேட்கிறார். பேனரைப் பார்த்துவிட்டு அவருக்கு 150 சொல்லில் பதில் எழுது." எழுதிச் சமர்ப்பித்ததும் ஒவ்வொருவருக்கும் வேறு நான்கு பேர் எழுதியது போகும். நான்கு என்பதற்குக் காரணம் உண்டு. எப்படியும் சிலர் திருத்தாமல் விட்டுவிடுவார்கள், இரண்டு என்று வைத்தால் சிலருக்கு ஒரு மதிப்பீடுகூட வராது.

மதிப்பீட்டு அளவுகோலில்தான் உயிர் இருக்கிறது. "நன்றாக எழுதியிருக்கிறாரா?" என்று கேட்டால் எல்லாருக்கும் பத்துக்கு ஒன்பது. "இடைநிலை அளவையோ அதற்கு ஈடான ஒன்றையோ கேட்கச் சொல்லியிருக்கிறாரா?", "எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேட்டிருக்கிறாரா?" என்று கேட்டால் திருத்துபவர் தேடிப் பார்த்தே ஆக வேண்டும். அப்படித் தேடும்போது தன் பதிலில் அது இல்லை என்பது அவருக்கே உறைக்கும். மற்ற இரண்டிலும் இது நடக்காது. முதலில் ஆசிரியர் ஒரு மாதிரிப் பதிலை வைத்து அதைத் திருத்திப் பழக விடலாம். அந்தப் படியைத் தவிர்க்காதீர்கள்.

நண்பர்கள் ஒருவருக்கொருவர் அள்ளிக் கொடுக்க மாட்டார்களா? மூடில் இரண்டு மதிப்பெண் தருகிறது: எழுதியதற்கு வழக்கமாக 80, திருத்தியதற்கு 20. மற்றவர்கள் போட்டதிலிருந்து வெகுவாக விலகிப் போட்டவருக்கு அந்த 20ல் குறையும். மூன்று பேர் கூட்டுச் சேர்ந்தால் இந்தக் கணக்கும் ஏமாறும் என்பது உண்மை. சிலவற்றை ஆசிரியரே திருத்தி, தன் மதிப்பீட்டுக்கு எடையைக் கூட்டி வைக்கலாம். மாணவர் பெயரை மறைக்க வேண்டுமென்றால் அனுமதிகள் பகுதிக்குள் போய்த் தேட வேண்டும். ஃபோனில் அளவுகோலை நிரப்புவதும் எரிச்சலான வேலைதான்.

எதை எங்கே

சுமை மூன்றிலும் வெவ்வேறு இடத்தில் விழுகிறது. குவிஸில் எல்லாம் முன்னாலேயே. ஆனால் ஒருமுறை எழுதிய கேள்வி அடுத்த ஆண்டுக்கும் நிற்கும். ஃபோரத்தில் நடக்கும்போது. ஒர்க்‌ஷாப்பில் அமைக்கும்போதும், "எனக்கு ஏன் குறைந்தது?" என்று வரும்போதும்.

60 பேர் வகுப்பு, ஒரு ஆசிரியர் என்றால் வாரா வாரம் குவிஸ், பருவத்தில் ஒரே ஒரு ஒர்க்‌ஷாப், ஃபோரம் வேண்டாம். குவிஸுக்கு மதிப்பெண் குறைவாக இருக்கட்டும். ஐஐடிகள் நடத்தும் இணையப் பாடத் திட்டமான என்பிடெல் செய்வதைப் பாருங்கள்: 12 வாரப் பாடத்தில் சிறந்த எட்டு அசைன்மென்ட்டுகளின் சராசரிக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. வீட்டில் யாரைக் கேட்டுப் போட்டாலும் பெரிதாக லாபம் இல்லை. தமிழ் இலக்கியமோ சட்டமோ என்றால் இந்த வரிசையைக் கவிழ்த்துவிடுவேன். அங்கே குவிஸ் "இயற்றியவர் யார்" என்பதில் சுருங்கிவிடும். 15 பேர் உள்ள எம்.ஏ. வகுப்பில் ஃபோரம்தான் முதல் தேர்வு.

செயல்பாடு பலித்ததா என்பதை லாகின் எண்ணிக்கை சொல்லாது. பருவ முடிவில் வாங்கும் ஒன்று முதல் ஐந்து வரையிலான ஃபீட்பேக் படிவம், பிடித்ததா என்பதை மட்டும் சொல்லும். ஒரே தாளுக்கு இரண்டு பிரிவு இருந்தால் மலிவான வழி ஒன்று உண்டு. சராசரிப் பாடத்தை ஏ பிரிவுக்கு ஒர்க்‌ஷாப்பாகவும் பி பிரிவுக்கு குவிஸாகவும் வையுங்கள். அடுத்த பாடத்துக்கு மாற்றிப் போடுங்கள். யாருக்கும் அநியாயம் இல்லை. பிறகு இன்டர்னல் தேர்வில் சம்பளம், பேனர் என்ற பேச்சே இல்லாமல், ஒரு கிராமத்தின் சராசரி நிலவுடைமை 4 ஏக்கர் என்று கொடுத்து, "அங்கே பெரும்பாலோர் ஓரளவு வசதியானவர்கள் என்று சொல்லலாமா?" என்று கேளுங்கள். விடைத்தாள்களைப் பிரிவு தெரியாதபடி கலந்துவிட்டுத் திருத்துங்கள்.