டிரெய்லர் டாய்லெட் பழுது, பூஞ்சை நீக்கம் என்று 38,000 பிடுங்கிக்கொண்டார்கள்: உஷார்!

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கேம்பர் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் நடமாடும் வீடு) வைத்திருப்பவர்கள், செயலியில் பதிவு செய்தால் ஆளே வந்து பழுது பார்க்கும் சேவைகளை நம்புபவர்கள் அவசியம் படியுங்கள். 38,000 கட்டியிருக்கிறேன். நேற்றுப் பார்த்தால் டாய்லெட்டுக்குப் பின்னால் சுவரில் அதே கறுப்புப் புள்ளிகள், அதே வாடை.

கூப்பிட்டதே இரண்டு விஷயத்துக்குத்தான். ஒன்று, டாய்லெட் கிண்ணத்தில் தண்ணீர் நிற்கவில்லை. அடியில் திறந்து மூடும் தட்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டால் தண்ணீர் கீழே இறங்கிவிடும், அப்புறம் கழிவுத் தொட்டியின் நாற்றம் நேராக உள்ளே வரும். இன்னொன்று, டாய்லெட்டைச் சுற்றித் தரை அமுங்கியது, மூலையில் பூஞ்சை.

வந்த ஆள் பேசிய பேச்சு இருக்கிறதே! செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மண்டியிட்டு, டார்ச் அடித்து, முகர்ந்து பார்த்து, "சார், இது தொட்டி நாத்தம் மட்டும் இல்ல, மரம் ஊறின நாத்தமும் சேர்ந்திருக்கு" என்றார். ஈரம் அளக்கும் மீட்டரைத் தரையில் குத்திக் காட்டினார். 30 சதவீதம். "20க்குக் கீழ இருந்தாதான் மரம் பத்திரம்" என்றார். டாய்லெட்டைக் கழற்றணும், டாய்லெட்டுக்கும் தரைக்கும் நடுவே கசிவை அடைக்கும் அடி சீல், கிண்ணத்து ரப்பர் இரண்டையும் மாற்றணும், ஊறிப்போன பிளைவுட்டை வெட்டி எடுக்கணும், நன்றாகக் காயவிட்டுத்தான் புதுசு போடணும் என்று அவரே வரிசையாகச் சொன்னார். அங்கேதான் நம்பிக்கை வந்தது. சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை, அதுதான் இப்போது வயிற்றெரிச்சல். வேலை தெரியாதவன் கெடுத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். முழுப் பணமும் செயலியில் கட்டினால்தான் சாமான் வரும் என்றார். 38,000, ஒரே தவணையில்.

அன்று சாயங்காலமே வேலை முடிந்ததாம். சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது, வாசனை ஸ்பிரே வேறு. ஊறின மரம் ஒரு பகலில் எப்படிக் காயும் என்று கேட்டதற்கு, "ஹீட்டர் வெச்சு உலர்த்திட்டோம் சார்".

சில வாரத்தில் வாடை திரும்பியது. அடி நட்டுகளைக் கழற்றி டாய்லெட்டைத் தூக்கினேன். பழைய சீல் அப்படியே நசுங்கிக் கிடக்கிறது, சுற்றிலும் சிலிக்கான் அப்பியிருக்கிறது. அதே அழுகல் பிளைவுட், மேலே புது வினைல் ஷீட். சுவரில் பூஞ்சையைத் துடைக்காமல் அதன் மேலேயே பெயிண்ட். 38,000க்கு ஒரு பெயிண்ட் டப்பா!

வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டால், "பூஞ்சை தட்பவெப்பத்தால் வருவது, உத்தரவாதத்தில் சேராது." சரி, சீல்? "படம் அனுப்புங்கள்." அனுப்பினேன். "தெளிவாக இல்லை." மறுபடி அனுப்பினேன். "சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம்." வந்த ஆளுக்கே போன் போட்டால், "நான் இப்ப அதுல இல்ல சார்." கடைசியில் ஒரு குறுஞ்செய்தி: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? 38,000 பற்றி மூச்சே இல்லை.

பராமரிப்பு பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனசு அதில் நிற்கவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். முழுப் பணத்தை முன்னாலேயே கட்டாதீர்கள். கழற்றிய பழைய சீலைக் கையில் வாங்கிப் பாருங்கள். தரையை மூடும் முன்பு மீட்டரை உங்கள் கண் முன்னால் மறுபடி வைக்கச் சொல்லுங்கள். கூரையில் காற்றுக் குழாய் வெளியே வரும் இடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், மழைத் தண்ணீர் அங்கிருந்தும் இறங்கும். எங்கே நனைந்தாலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிடுங்கள், உள்ளே காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் ஏறாமல் பாருங்கள். கோபத்தில் பிளீச்சைக் கொண்டுபோய்க் கழிவுத் தொட்டியில் கொட்டாதீர்கள், சிறுநீரிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்தால் விஷ வாயு வரும், ரப்பரும் கெடும். ராத்திரி கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வையுங்கள், காலையில் அது இறங்காமல் இருந்தால் மட்டும் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.