எம்எஸ்ஆர் கோப்பா, பவர்கேப்பா?

இன்டெல் செயலியின் ஆற்றல் செலவைக் காட்டும் எம்எஸ்ஆர் (MSR) பதிவகத்தை, அதாவது செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடத்தை, ஆர்டிஎம்எஸ்ஆர் (RDMSR) கட்டளையால் கெர்னல் (இயக்குதளத்தின் மையப்பகுதி) நிலையில் மட்டுமே படிக்க முடியும். பயனர் நிலை நிரல் அதை இயக்க முயன்றால் செயலி பாதுகாப்புப் பிழையை எழுப்பும். எனவே லினக்ஸில் கெர்னலின் துணையோடுதான் அதை அணுக வேண்டும்.

முதல் வழி, கெர்னலின் எம்எஸ்ஆர் மாட்யூல் ஒவ்வொரு கோருக்கும் உருவாக்கித் தரும் சாதனக் கோப்பு. பதிவகத்தின் எண்ணையே கோப்பில் படிக்கத் தொடங்கும் இடமாகக் கொடுத்து எட்டு பைட்டுகளைப் படித்தால் போதும். ஆனால் ஆற்றல் அலகை வேறொரு பதிவகத்திலிருந்து கணக்கிடுவதும், 32 பிட் எண்ணி நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்புவதைக் கண்காணிப்பதும் நிரலாளரின் தலையில் விழும். எழுதுவது இன்னும் ஆபத்தானது. தவறான மதிப்பு இயந்திரத்தையே முடக்கக்கூடும் என்பதால், 5.9 பதிப்பிலிருந்து கெர்னல் இவ்வழியே எழுதுவதைக் குறித்து எச்சரிக்கிறது, அது நியாயமே.

இரண்டாவது வழி, மின்செலவை அளக்கவும் கட்டுப்படுத்தவும் கெர்னல் தரும் பவர்கேப் (powercap) இடைமுகம். இதில் கெர்னல் தகவல்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ் (sysfs) அமைப்பிலுள்ள கோப்பு ஒன்று மைக்ரோஜூலில் ஆயத்த எண்ணைத் தருகிறது. இதுவும் உச்சவரம்பில் திரும்பும், எனினும் அவ்வரம்பைப் பக்கத்துக் கோப்பே சொல்லிவிடுகிறது. ஆற்றல் அளவீட்டின் வழியே ரகசியச் சாவிகளைக் கறக்கலாம் என்று 2020இல் பிளாட்டிபஸ் தாக்குதல் காட்டிய பிறகு, இதற்கும் ரூட் (நிர்வாகி) உரிமை தேவைப்படுகிறது. ஆற்றலை அளக்க மட்டும் என்றால் பவர்கேப்பையே தேர்வேன். கெர்னல் வேறு வழியில் வெளிக்காட்டாத பதிவகங்களுக்கு எம்எஸ்ஆர் கோப்பைத் தவிர்க்க இயலாது.