டிஎன்எஃப் தடுப்பு ஊசியா, இன்டர்லூக்கின்-6 தடுப்பு ஊசியா?

மெத்தோட்ரெக்சேட் என்ற வழக்கமான மருந்து மட்டும் போதாமல், காலையில் சட்டைப் பொத்தான் போடக்கூட விரல் மடங்காத முடக்குவாத நோயாளிகள் பலரும் கேட்கும் கேள்வி இது. டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 இரண்டுமே மூட்டில் அழற்சியை ஏவிவிடும் தூதுப் புரதங்கள்; அவற்றைத்தான் இந்த ஊசிகள் மடக்குகின்றன.

போடும் முறை
அடலிமுமாப் (டிஎன்எஃப்): வழக்கமாக இரு வாரத்துக்கு ஒருமுறை, தோலடியில்.
டோசிலிசுமாப் (இன்டர்லூக்கின்-6): தோலடியில், அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை சிரை வழியாக.

மெத்தோட்ரெக்சேட் துணை
அடலிமுமாப்: துணை இருப்பதே நல்லது. இல்லையென்றால் உடல் அந்த மருந்துக்கே எதிர்ப்பொருள் உருவாக்கி, பலனைக் குறைத்துவிடலாம்.
டோசிலிசுமாப்: தனித்தும் தாக்குப்பிடிக்கும். 2013-இல் வெளியான நேரடி ஒப்பீட்டு ஆய்வில், தனியாகக் கொடுத்தபோது இதுவே முந்தியது.

ரத்தப் பரிசோதனை
இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதமான சிஆர்பியைச் சுரக்கக் கல்லீரலுக்குச் சொல்வது பெரும்பாலும் இன்டர்லூக்கின்-6. டோசிலிசுமாப் அதன் வாயை அடைத்துவிட்டால், நிமோனியா வந்தாலும் சிஆர்பி ஏறாமல் இருக்கலாம். அறிக்கையைவிட உடம்பையே நம்ப வேண்டும். கொலஸ்டிராலும் கூடலாம்.
அடலிமுமாபில் இந்தக் கண்கட்டு இல்லை.

காசநோய்ப் பரிசோதனை இரண்டுக்கும் முன்பாகவே வேண்டும்.

மெத்தோட்ரெக்சேட் ஒத்துக்கொள்ளாதவருக்கும் இதயச் செயலிழப்பு உள்ளவருக்கும் டோசிலிசுமாப் பக்கம் சாய்வேன். குடல்பை அழற்சி (பெருங்குடல் சுவரில் புடைக்கும் சிறு பைகளின் அழற்சி) வந்தவருக்கு, டோசிலிசுமாபால் குடலில் துளை விழும் அபாயம் இருப்பதால், அடலிமுமாப்.