வயித்துக்கு ஸ்கேன் எடுத்தாங்க, காசு நெஞ்சுல மாட்டியிருந்துச்சு

கை இன்னும் நடுங்குது, பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. நேத்து சாயந்திரம் என் மூணு வயசுப் பையன் எதையோ முழுங்கிட்டான். பளபளன்னு இருந்துச்சுன்னு அவன் அக்கா சொன்னா. பதறியடிச்சு ஒரு தனியார் ஸ்கேன் சென்டருக்குத் தூக்கிட்டு ஓடினோம்.

கவுன்டர்ல இருந்தவங்க என்னை உட்கார வச்சு ஒரு டம்ளர் தண்ணி கொடுத்தாங்க. அந்தத் தண்ணியிலதான் நான் கவுந்தேன். "எக்ஸ்ரேல எல்லாம் தெரியாது சார், முழு வயிறு சிடி ஸ்கேன் எடுத்துடுங்க, எது இருந்தாலும் காட்டிடும்." அரை மாசச் சம்பளம். யோசிக்காம கட்டிட்டேன்.

அவங்க சொன்னது பாதி உண்மை. பிளாஸ்டிக், மரக்குச்சி, மெல்லிசு மீன்முள் எக்ஸ்ரேல பெரும்பாலும் தெரியாது. ஆனா காசு, பேட்டரி மாதிரி உலோகம் சாதாரண எக்ஸ்ரேலயே பளிச்சுன்னு விழும்.

ரிப்போர்ட்: வயிற்றில் அந்நியப் பொருள் எதுவும் இல்லை. கும்பிடு போட்டுட்டு வீட்டுக்கு வந்தோம்.

ராத்திரி பையனுக்கு எச்சில் வழிஞ்சுக்கிட்டே இருக்கு, நெஞ்சைத் தொட்டுத் தொட்டுக் காட்டறான். ஸ்கேன் சென்டருக்குப் போன் பண்ணா, "ரிப்போர்ட் நார்மல் சார், தூங்க வைங்க." பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கழுத்துல இருந்து வயிறு வரைக்கும் ஒரு எக்ஸ்ரே, பக்கவாட்டுல இன்னொண்ணு. உணவுக்குழாய்க்குள்ள வட்டமா ஒண்ணு நிக்குது. டாக்டர் அதோட விளிம்பையே உத்துப் பார்த்தாரு. இரட்டை வளையமாத் தெரிஞ்சா பட்டன் பேட்டரியாம், காசு மாதிரி வட்டமா இருக்கற சின்ன பேட்டரி; ரெண்டே மணி நேரத்துல குழாயை அரிச்சிடுமாம். நல்லவேளை, காசுதான். எண்டோஸ்கோப்புன்னு வாய் வழியா கேமரா வச்ச குழாயை விட்டு எடுத்தாங்க.

சிடி படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கீழ் விலா எலும்புக்கிட்டதான் படமே ஆரம்பிக்குது! காசு அதுக்கு மேல உட்கார்ந்திருக்கு.

காலையில ஸ்கேன் சென்டர்ல கேட்டா, "நீங்க வயிறுன்னுதானே பில் போட்டீங்க?" நானா போட்டேன்? அப்புறம், "டாக்டர் வெளியூர்." அப்புறம், "பில் போட்டா ரீஃபண்ட் கிடையாது." அரை மாசச் சம்பளம் சார், அரை மாசச் சம்பளம். தேவையில்லாத கதிர்வீச்சு வேற, அந்தச் சின்ன உடம்புக்கு.

என்ன செய்யணும்னு விவரமா எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன், முடியல. குழந்தை எதையாவது முழுங்கினா ஸ்கேன் சென்டருக்குப் போகாதீங்க, நேரா எமர்ஜென்சிக்குப் போங்க. கழுத்துல இருந்து வயிறு வரைக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க. பேட்டரி, காந்தம்னு சந்தேகம் வந்தா ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதீங்க.

இப்பவும் போன் போட்டேன். மேனேஜர் லீவாம்.