லேபிள் வந்தது, கொம்பு இடம் மாறி வந்தது

செக்கு நல்லெண்ணெய் பாட்டிலுக்கு லேபிள் வேண்டும் என்று ஆன்லைனில் ஒரு ஃப்ரீலான்ஸ் டிசைனரைப் பிடித்தேன். 3,500 ரூபாய், பாதி முன்பணம். காட்டிய பழைய வேலைகள் எல்லாம் பிரமாதம், யாருடையவையோ! வந்த டிசைனில் ‘செக்கு’வின் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் தொங்குகிறது, இல்லஸ்ட்ரேட்டர் என்ற டிசைன் மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பை இயக்காமல் தமிழை ஒட்டினால் இப்படித்தான் உடையும் என்று நானே தேடிப் பார்த்துச் சொன்னதற்கு, “உங்க ஃபோன்ல ஃபான்ட் இல்ல சார்” என்று பதில். அனுப்பியது ஜேபிஜி படம், அதற்கும் என் ஃபோன் ஃபான்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?

அப்புறம், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணுக்கு இடமே விடவில்லை. கோப்பு அச்சுக்கான நிறமுறையில் இல்லாமல் திரைக்கான ஆர்ஜிபியில், வெட்டுவதற்கு ஓரத்தில் 3 மி.மீ. கூடுதல் இடமும் கிடையாது. அச்சகத்துக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார். மூன்று முறை திருத்தித் தருவதாகப் பேச்சு, இரண்டாவதிலேயே ஆளைக் காணோம். சரி, மீதிப் பணத்தைக் கொடுக்கவில்லை. கடைசியில் அச்சகத்து டிடிபி அண்ணன்தான் 800 ரூபாய்க்கு உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தார். 5க்கு 1 மதிப்பெண், அதுவும் அந்த எள்ளுப்பூ படத்துக்காக.